கடைசித் துண்டு

பத்தாம் வகுப்பு அறிவியலில் எனக்கு முப்பத்தெட்டு.
அதில் இன்றுவரை மிச்சமிருப்பது ஒரே ஒரு விடை:
பனிக்கட்டி உருகி முடியும் வரை
எவ்வளவு சூடு கொடுத்தாலும்
பாதரசம் பூஜ்யத்தை விட்டு அசையாது.
கொடுத்த சூடு எங்கே போனது என்று கேட்டால்
உள்ளுறை வெப்பம் என்று எழுத வேண்டும்.
எழுதினேன்.
இரண்டு மதிப்பெண்.

காசிமேட்டில் விடியற்காலை மூன்றரைக்கு
ஐஸ் பாரை இயந்திரத்தின் வாயில் தள்ளுகிறார்கள்.
யானை கரும்பு கடிக்கிற சத்தம்.
ஒரு பார் ஐம்பது கிலோ.
அதை வெறும் தண்ணீராக்கச் செலவாகும் சூட்டில்
கொதித்து நிற்கிற தண்ணீர் ஏழரைக் கிலோவை
ஆவியாக்கி விரட்டிவிடலாம்.
ஏலம் தள்ளிப்போன ஒரு நாளில்
பீடிக்கட்டுத் தாளில் போட்ட கணக்கு.
ஏழரை என்று நான் சொன்னதும்
வண்டிக்காரக் கன்னியப்பன்
கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

தடைக்காலம் முடிந்து முதல் வாரம்.
நாலு பெட்டி: சங்கரா இரண்டு, கவளை ஒன்று,
கடன் வாங்கி எடுத்த வஞ்சிரம் ஒன்று.
எட்டு மணிக்கு மீஞ்சூரில் இருக்க வேண்டிய குட்டியானை
எட்டு மணிக்குத் திருவொற்றியூரில் நிற்கிறது.
துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள்
அவர்கள் பக்கத்தையும் எங்கள் பக்கத்தையும்
சேர்த்தே பிடித்துக்கொண்டு
இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்குகின்றன.
ஒரு டிரைவர் சக்கர நிழலில்
சமைக்கவே ஆரம்பித்துவிட்டான்.

ஒன்பதுக்குத் தண்டல்காரர் போன் செய்தார்.
பத்துக்குச் செய்தார்.
பத்தே முக்காலுக்குச் செய்தபோது
என் அம்மாவையும் சேர்த்துக்கொண்டார்.
"மீன் போய்ச் சேரட்டும்ணா, கொண்டாந்து குடுத்துர்றேன்."
மூன்று தடவையும் அதே குரல்.
"இன்னாக்கா, உனுக்குக் கோவமே வராதா?"
கன்னியப்பனுக்கு நான் பதில் சொல்லவில்லை.
பெட்டிக்குள் கை விட்டிருந்தேன்.

வடக்கே அத்திப்பட்டுப் புகைபோக்கிகள்.
அங்கே நிலக்கரி எரிந்து தண்ணீர் ஆவியாகிறது,
ஆவி சுழற்றுகிறது, கம்பியில் ஏறுகிறது,
காசிமேட்டு ஐஸ் கம்பெனியின் அமோனியாக் குழாய்களை
நடுங்க வைக்கிறது.
அத்தனை நெருப்பும் சுற்றி வளைத்து வந்து
என் பெட்டிக்குள்
நெருப்பு இல்லாத இடமாக உட்கார்ந்திருக்கிறது.

என் நாத்தனார் புருஷன் பெனடிக்ட்
அந்த பாய்லரில்தான் ஒப்பந்தக் கூலி.
முழங்கையில் தழும்பு.
வெந்நீர் பட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார்கள்.
பட்டது ஆவி.
தோலைத் தொட்டதும் தண்ணீராகிவிட்டது,
ஆவதற்கு முன் வாங்கி வைத்திருந்ததை எல்லாம்
ஒரு தவணையில்
அவன் கையிலேயே கட்டிவிட்டுப் போனது.

பதினொன்றரை.
முதல் பெட்டியில் கூழாங்கற்கள்.
இரண்டாவதில் பட்டாணி.
மூன்றாவதிலும் பட்டாணிதான், கொஞ்சம் சின்னது.
வஞ்சிரப் பெட்டியில் தண்ணீர், மீன், தண்ணீர்.
முழங்கை வரை விட்டுக் கலக்கினேன்.
அடியில், ஒரு செவுளோரம்,
கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று
விரலுக்கு நழுவி, மறுபடி வந்தது.
இது இருக்கிற வரைக்கும் பூஜ்யம்.
இது போனால்
ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.
எடுத்துப் பார்க்க ஆசை. எடுக்கவில்லை.
என் உள்ளங்கைச் சூட்டை
அதன் கணக்கில் எழுத மனமில்லை.

லாரி ஒன்று இருமியது.
பிறகு இன்னொன்று.

மீஞ்சூரில் ஒரு அம்மாள் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்,
கண்ணை அமுக்கினாள்,
"காலைல புடிச்சதா?" என்றாள்.
சிவப்பாகத்தான் இருந்தது.
பாதி விலைக்குக் கேட்டாள்.
அப்போது கத்தினேன் பாருங்கள்,
மொத்தச் சந்தையும் திரும்பியது.
கன்னியப்பன் வண்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்தான்.

காலிப் பெட்டியைத் தார் ரோட்டில் கவிழ்த்தேன்.
மீன்நாற்றத் தண்ணீர் பரவி,
நூறு டிகிரிக்கெல்லாம் காத்திராமல்,
நின்ற இடத்திலேயே மேலே கிளம்பியது.
அந்த ஈரத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.