முன்னூற்றைந்து கிராம்

நிலாவெளி விடுதியில் யாரோ மறந்துபோன ரெனிஸ் மட்டை.
மூன்று மாதமாய் உரியவர் வரவில்லை,
கழகத்துக்கு வந்து சேர்ந்தது.
"ஒரு கிழமை அடிச்சுப் பாருங்கோ மிஸ்,
ஆருக்குச் சரிவருமெண்டு எழுதித் தாங்கோ"
என்றார் செயலாளர் பார்த்தலோட்.
ஏன் நான் என்று கேட்கவில்லை.
காணிப் பதிவகத்தில் பத்தொன்பது வருடம்
வேலிச் சண்டைகளுக்கு அறிக்கை எழுதியவள்,
இதையும் எழுதுவாள் என்று நினைத்திருப்பார்.

முதலில் நிறை.
மத்திய வீதி நகைக்கடைத் தராசில் குறுக்காகக் கிடத்தினோம்.
முன்னூற்றைந்து கிராம்.
கடைப் பெடியன் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தான்:
"தங்கமெண்டால் முப்பத்தெட்டுப் பவுண், அக்கா."

ஒற்றை விரலில் ஏந்தினால் பிடிப்பக்கம் சாய்கிறது.
'தலை கனமில்லை, தலைக்கனமும் இல்லை'
என்று திங்கள் எழுதினேன்.
செவ்வாய் அந்த வரியின் பின்பாதியை வெட்டினேன்.

அரைமனதாய் வீசினால் பந்து வலைக்குள்தான்.
மரியாதைக்கு ஒரு தட்டு, பயத்துக்கு ஒரு தட்டு,
இரண்டும் இதற்குப் பிடிக்காது.
தோளிலிருந்து தொடங்கி
மற்றத் தோள்வரை கொண்டுபோனால்
சிமெந்துத் தரையின் வெடிப்பைத் தாண்டி
மூலைக் கோட்டில் போய் இருக்கிறது பந்து,
வேறு எங்கும் இருக்கத் தெரியாததுபோல.

கழுத்தில் ஒட்டிய பட்டியில்
ஐம்பத்தைந்து இறாத்தல் என்று நரம்பின் இறுக்கம்.
இறாத்தல் என்றால் எங்களுக்குப் பாண்.
ஐம்பத்தைந்து பாணை ஒரு நரம்பில் தொங்கவிட்டதாய்
நினைத்துக்கொண்டுதான் சேர்விஸ் போட்டேன்.
மூன்று மாதத்தில் துறைமுகத்து உப்புக்காற்று
அதில் எத்தனை பாணைத் தின்றதோ,
பந்து நான் நினைத்ததைவிட ஒரு முழம் நீளமாய்ப் போனது.

புதன் கச்சான் அடித்தது.
சுங்கப் பகுதி லீனஸ் கேட்டு வாங்கி நாலு பந்து அடித்தார்.
மணிக்கட்டைச் சுழற்றி ஏமாற்றுகிற கை அவருடையது.
மட்டை ஏமாறவில்லை.
"மரக்கட்டை" என்று திருப்பித் தந்தார்.
தம்மிக்க வழக்கம்போலப் பிந்தி வந்து
பந்துக்கும் பிந்தினான்.
நடுவில் படாத பந்தின் அதிர்வு
முழங்கைவரை ஏறி உட்கார்ந்துவிட்டதாம்.
சித்தாலேப பூசினான்.

ஐஸ் தொழிற்சாலைக் கணக்காளர் றிஸ்மியா
இரண்டு கையாலும் பிடித்தாள்.
பாக்ஹான்ட் ஒன்று.
யாரும் கதைக்கவில்லை.
பிறகு அவளே சிரித்துக்கொண்டு,
"இது என்னைத் தூக்கிக்கொண்டு போகுது" என்றாள்.
அதை நான் நல்ல குறியாய் எழுதவா
கெட்ட குறியாய் எழுதவா என்று
வியாழன் முழுக்க யோசித்தேன்.

எனக்கா?
வொலிக்கு ஒரு நொடி கூடுதல் தேவை.
பிடி அரைச்சுற்றுத் தடிப்பம்,
மூன்றாவது செற்றில் பெருவிரல் மரத்துப்போகிறது.
எனக்குச் சரிவராது. இதை முதல் பக்கத்தில் தெளிவாக எழுதினேன்.
எழுதியபின்
வெள்ளி விடிய ஐந்தரைக்குத் தனியே போய்
சுவரோடு இருநூறு பந்து அடித்ததை எழுதவில்லை.

அன்று பின்னேரம் வாங்கில் மட்டையைச் சாய்த்து
அறிக்கையை அதன் கீழ் வைத்துவிட்டு
முகம் கழுவப் போனேன்.
வந்து பார்த்தால் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
பிடியை நக்கிக்கொண்டு நிற்கிறது.
லீனஸ், தம்மிக்க, றிஸ்மியா, நான்,
எங்கள் எல்லோருடைய உப்பும் அதில்.
துரத்தினேன். அவசரமில்லாமல் போனது,
வாயில் இரண்டாம் பக்கத்தோடு.
'ஆருக்குச் சரிவரும்' என்று தொடங்குகிற பக்கம்.

பார்த்தலோட் கேற்றடியில் நின்று கேட்டார்:
"என்ன மிஸ், முடிஞ்சுதா?"
மட்டையைப் பையில் வைத்து
சிப்பை இழுத்தேன்.
"திரும்ப எழுத வேணும்," என்றேன்.
"இன்னொரு கிழமை தாங்கோ."