உன் எண் என்ன?

ஹுலியாகாவில் ஆறு மணிக்கே பல் கிட்டிவிடும் குளிரில்.
பள்ளி வாசலில் நெலிதாவின் வண்டி.
உருளைக்கிழங்கும் சாசேஜும் எண்ணெயில் சடசடக்கும்.
மூன்று சோல், ஒரு காகிதத் தட்டு.
மயோனைஸ் இன்னும் கொஞ்சம் என்பேன்.
அதுதான் என் ராச்சாப்பாடு.

அவள் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்ததில்லை.
"நாள் முழுக்க இந்த வாசனை,
வயிறு இதிலேயே நிரம்பிடுது."
வகுப்புக்கு ஏறும்போது பாதிப் படியில் குனிந்து
ஷூ லேஸ் கட்டுவாள்.
ஏற்கெனவே கட்டிய லேஸை.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்து
எல்லோர் விரலிலும் குத்தினார்.
நெலிதாவின் துளி வெளிறியிருந்ததா,
எனக்குத்தான் அப்படிப் பட்டதா?
சீட்டை நாலாக மடித்துப் பையில் செருகினாள்.

மறுநாள் தட்டு கேட்டேன். "பொறு."
அடுப்பில் வேறொரு வாணலி.
வெங்காயம், மஞ்சள் மிளகாய், புதினா,
கறுத்து உதிர்ந்த கோழி ரத்தம்.
வரிசைக்கு முதுகைக் காட்டி
மருந்து விழுங்குவதுபோல் ஆரம்பித்தவள்
மூன்றாவது கரண்டியில்
நாங்கள் நிற்பதையே மறந்துவிட்டாள்.
வாணலியைச் சுரண்டும் சத்தம்
தெருமுனை வரை.

புறங்கையால் வாயைத் துடைத்துத் திரும்பினாள்.
"உன் சீட்டில என்ன எண்?"

கையுறையை மாட்டிக்கொண்டேன்.
"கிழங்கு கருகுது" என்றேன்.