கடைசி ஆறு நிமிடம்

படத்தின் முடிவு எனக்குத்தான் முதலில் தெரியும்.
விளக்குமாறும் வாளியுமாக
வலதுபுறக் கதவருகே நான் போய் நிற்கும்போது
அவன் கிணற்றிலிருந்து ஏறிக்கொண்டிருப்பான்.
நாளைக்கு நாலு முறை ஏறினான்,
இருபத்தொரு நாள்.
ஈரக் கால்தடம் வாசல்படி தாண்டி உள்ளே போகும்.
எதிரில் வந்த மனைவி
யாருங்க நீங்க என்பாள்.
இருட்டு. பிறகு பேர்கள். பிறகு விளக்கு, நான்.

கிருஷ்ணகிரி, பெங்களூர் ரோட்டுத் தியேட்டரில்
ஆறு நிமிடம் மட்டும் பார்த்தவள்.
மீதிக் கதையை
வெளியே போகிறவர்கள் வாயிலிருந்து பொறுக்கினேன்.
'இன்டர்வெல்லுக்கு முன்னாடியே அவன் செத்துட்டான்டா.'
'சாகல. இது ரெண்டாவது செவ்வாக்கெழம.'
'அப்ப மொத செவ்வாக்கெழமயில இருந்தவன் எங்க போனான்?'
மாங்கூழ் ஆலையில் சீசன் முடிந்து வந்த ஆட்கள்
பதில் தெரியாமல் பீடி பற்றவைத்தார்கள்.
ஸ்டாண்டில், தூசி படிந்த பைக் டேங்க் மேல்
பாலிடெக்னிக் பையன் ஒருவன்
விரலால் வட்டம் போட்டான், வட்டத்துக்குள் வட்டம்.
டோக்கன் கிழிக்கிற அஸ்லம்தான் புரியும்படி சொன்னான்:
அக்கா, கெணத்துல ஒருவாட்டி எறங்கினா
ஒரு நாள் பின்னாடி போகலாம்.
ஆனா ஊர்ல ஒருத்தருக்கு உன்ன மறந்துடும்.
யாருக்குன்னு கெணறுதான் முடிவு பண்ணும்.

லாஜிக்கே இல்லை என்றார் மேனேஜர் திம்மராஜ் சார்,
ஹவுஸ்ஃபுல் போர்டைத் துடைத்துக்கொண்டே.

எச் வரிசை, ஓரத்து சீட்.
ஞாயிறு மேட்னி.
விளக்கு வந்தும் எழாத ஒருத்தி.
முதல் ஞாயிறு முதுகைப் பார்த்தேன்.
இரண்டாம் ஞாயிறு முகம்.
சாக்கம்மா. மாதையன் பெண்டாட்டி.

அது செவ்வாய் இல்லை, வியாழன்.
கேஸ் தீர்ந்து, ஈர விறகில் ஏற்றிய உலை
கொதிக்கவே இல்லை.
சோறில்லாமல் போகமாட்டேன் என்று
என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தார்.
குவாரி வண்டி ரெண்டு ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது.
அவர் இறங்கவேண்டிய குழியில் மாதையன் இறங்கினார்.
பாறை சரிந்த நேரம்
நாங்கள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தோம்.
சத்தம் கேட்டது.
வெடி வைக்கிறார்கள் என்று சொன்னேன்.

ஆறு வருடமாக இதைத் திரும்பத் திரும்ப
நானே ஓட்டி நானே பார்க்கிறேன்.
விறகு காய்ந்திருந்தால்.
சிலிண்டர் புதன்கிழமையே வந்திருந்தால்.
ஒவ்வொரு முறையும் சோறு வெந்துவிடுகிறது.
ஒவ்வொரு முறையும் எச் வரிசையில் நான் உட்கார்ந்திருக்க,
கதவருகே விளக்குமாறோடு சாக்கம்மா.

மூன்றாம் ஞாயிறு அவளே கேட்டாள்,
காலடியில் நிப்பட்டுப் பொட்டலம் நொறுங்கிக் கிடந்தது:
'ஏம்மா, நீ தெனம் பாக்கற இல்ல,
அவன் திரும்பி வந்துட்டான்தானே?'
என்னை அடையாளம் தெரிந்து கேட்டாளா, தெரியாது.
துக்கத்துக்குப் போன அன்று
முக்காடு போட்டுக் கடைசியில் நின்றவள் நான்.

அந்தக் கால்தடம் உள்ளே மட்டும்தான் போகிறது.
அன்றைக்கு வரை அறுபத்தாறு முறை பார்த்திருந்தேன்,
வெளியே வந்ததில்லை.
வந்துட்டான் என்றேன்.
'அப்ப அவ ஏன் யாருன்னு கேக்கறா?'
'இருட்டுல்ல. லைட்டு போட்டா தெரிஞ்சுடும்.'
ரொம்ப நேரம் யோசித்தாள்.
லைட்டு போடறதயும் காட்டியிருக்கலாம் என்று
பையை எடுத்துக்கொண்டு போனாள்.
அந்த வரிசையை அன்று ரெண்டு தடவை துடைத்தேன்.

வியாழக்கிழமை படம் கடைசி.
திம்மராஜ் சாரிடம் கேட்டுக்கொண்டு
இரவுக் காட்சிக்கு, முதலிலிருந்து பார்க்க
எச் வரிசையில் உட்கார்ந்தேன்.
கிணறு இல்லை. கடிகாரம் இல்லை.
அவனும் அவளும் தரையில் உட்கார்ந்து
சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
உப்பு குறைவு என்றான். அவள் உப்பை நகர்த்தினாள்.
வேறொன்றும் நடக்கவில்லை.

அதோடு எழுந்து வந்துவிட்டேன்.