பிஸ்கட் தகரம்

வெள்ளமடத்துக்கு அந்தாண்ட ஆக்கர் கடையில்
மல்லாந்து கிடந்தது அது,
இரண்டு பக்கமும் டிரம் கழன்று
நடுவயிறு உப்பி.
பாலத்திலிருந்து விழுந்த வண்டியின் ஆக்ஸில் என்றார்கள்.
எடை போட்டோம்.
இரும்பு விலைக்கு மேலே பதினோராயிரம்.
ரெத்தினபாய் நோட்டை எண்ணும்போதே
காற்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓட
ஷாகுல் கள்ளிப் புதர் வரை துரத்திப் போனான்.
ஆடி மாசத்து ஆரல்வாய்மொழிக் காற்றுக்குக்
கடன் வாங்கிய பணம் என்று தெரியுமா என்ன.

"எந்தப் பாலம்னு கேட்டீரா?"
இல்லை என்றேன்.
"கேக்காண்டாம்."

அவருடைய வண்டி குலசேகரம் இறக்கத்தில்
ரப்பர் தடியோடு நின்று பதினெட்டு நாள்.
கிரவுனில் ஏழு பல் போய்விட்டது;
எண்ணெய் வடித்தபோது
உண்டியல் சில்லறை போல விழுந்தன.
பெரும்பாவூர் மில்லுக்காரன் வேறு வண்டி பிடித்துவிட்டான்.
தவணைக்காரன் மட்டும் மாறவில்லை.

ஹவுசிங்கை டீசலில் கழுவினோம்.
உள்ளே கருப்பட்டிப் பாகு பதத்தில் பழைய எண்ணெய்,
சுரண்டச் சுரண்ட வந்தது.
பேரிங் நாலில் மூன்று உதவாது.
இடது குழாயில் தலைமுடி போல ஒரு விரிசல்.
அதன் இரு முனையிலும் துளை போட்டு,
இனி ஓடாதே என்று நிறுத்தி,
அப்புறம்தான் ராடு வைத்தான் ஷாகுல்.
காற்றுக்கு மறைப்பாகத்
தார்ப்பாயை விரித்துப் பிடித்து நின்றது ரெத்தினபாய்.
கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன்.
மூடிக்கொண்டேதான் நிற்கிறேன் என்றார்.

கிரவுனும் பினியனும் நல்ல ஜோடி, ஒரு பல்லும் குறையவில்லை.
பினியன் பேரிங்குக்கு அடியில்
ஷிம்களுக்கு நடுவே ஒரு தகர வளையம்.
துடைத்தேன்.
மஞ்சள் நிறம், பாதி ரோஜாப்பூ,
'இலவசம்' என்பதில் 'லவச'.
பிஸ்கட் டின்.
"என்ன வேலைலே இது" என்று சிரித்துத்
தூக்கி எறிந்தேன்.

நாகர்கோவிலில் வாங்கிய புது ஷிம் போட்டேன்.
பல்லுக்குச் செந்தூரம் பூசிச் சுற்றினால்
தடம் நுனியில் விழுகிறது.
இன்னொன்று கூட்டினேன். வேரில் விழுகிறது.
பேரிங்கை இழு, மாற்று, அழுத்து, பூசு, சுற்று.
நாலு தடவை.
ஷாகுல் டீ வாங்கி வந்து, ஆறி,
அதையும் அவனே குடித்தான்.

குப்பையில் தேடினேன்.
காற்று அதை லேத்தின் காலடியில்
ஒதுக்கி வைத்திருந்தது.
மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தால்
கடையில் விற்கிற இரண்டு அளவுக்கு
இடைப்பட்ட ஓர் இடத்தில் நிற்கிறது கனம்.
போட்டேன்.
பல்லின் நடுவில் விழுந்தது தடம்,
கண்ணாடி பார்த்து வைத்த பொட்டு மாதிரி.

எந்த ரோட்டோரமோ, எந்த ராத்திரியோ.
அவனிடம் மைக்ரோமீட்டர் இருந்திருக்காது.
பிஸ்கட் இருந்திருக்கிறது.
முதலில் அதைத் தின்றிருப்பான்.

மறுநாள் செயின் பிளாக்கில் தூக்கிக்
கமான் பட்டைக்குக் கீழே கொண்டுபோனோம்.
சென்டர் போல்ட் துளையில் இறங்க
அரைவிரல் இடம் தப்பியது.
கடப்பாரை போட்டு நெம்பினேன்,
ரெத்தினபாய் தோளைக் கொடுத்தார்,
டக்கென்று உட்கார்ந்தது.
யூ போல்ட் நாலையும் குறுக்கும் மறுக்குமாக முறுக்கினோம்.
பில்லில் பேரிங், சீல், எண்ணெய், வெல்டிங் எழுதி
ஷிம் என்று எழுதி
விலைக்கு நேரே கோடு போட்டேன்.
கோட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கல் ஏற்றித் தோவாளை வரை ஓட்டினோம்.
ஓட்டியது அவர்.
நாற்பதில் ஒரு முனகல் வரும் என்று
காதைத் தரையில் வைத்தபடி போனேன்; வரவில்லை.
ஐம்பதில் வந்தது, வலது பின்சக்கரத்தில்,
சர்க் சர்க் என்று.
லைனர் உரசுகிறது.
அது வேறு வேலை.