ஊர், பேர், தேதி

மில்வாக்கியிலிருந்து அக்காள் போனில் கேட்டாள்:
"ஊர் பேர் தெரியாத கல்லூரிக்கா
ஏழு மணி நேரம் வண்டி ஓட்டினாய்?"

பதில் சொல்லவில்லை.
எங்கள் ஃப்ரீசரில்
பட்டாணிப் பொட்டலத்துக்கும் மீன் துண்டுகளுக்கும் நடுவே
பதினோரு குருவிகள் இருப்பதை
எங்கிருந்து தொடங்கிச் சொல்வது.

துலூத்தில் செப்டம்பர் என்றால்
இரவெல்லாம் வானத்தில் போக்குவரத்து.
தெற்கே போகிற சிறு பறவைகள்
ஏரிக்கரைக் கண்ணாடிக் கட்டடத்தை
வானத்தின் மிச்சம் என்று நம்பி மோதும்.
துப்புரவு வண்டி வருமுன்
ஐந்தரைக்கே மாரிட் அங்கே நிற்பாள்,
ரொட்டி வந்த காலிப் பைகளோடு.
ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு துண்டுத்தாள்:
எந்தச் சுவர், எந்தத் திசை, எத்தனை மணி.
எதற்கு இதெல்லாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டேன்.
வெள்ளிக்கிழமை பதில் வந்தது:
"எழுதாவிட்டால் அது வெறும் செத்த குருவி."

என் மகள் அப்படித்தான்.
கேள்வி உள்ளே போய், பூட்ஸைக் கழற்றி,
கொஞ்சம் உட்கார்ந்த பிறகுதான்
பதில் எழுந்து வாசலுக்கு வரும்.

முதல் ஐம்பது கல்லூரிகள் என்ற பட்டியலை
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியது நான்தான்.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்,
ஒன்றாம் தெரு, இரண்டாம் தெரு என்று
வரிசையாய் இருந்தால்தான் எனக்கு நிம்மதி.
கதவுக்கு வெளியே பட்டியல், உள்ளே குருவிகள்.
இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை.

ஒன்பதாவது இடத்துக்கு விமானத்தில் போனோம்.
எங்கள் கூட்டத்தில் அறுபது பேர்.
வழிகாட்டிப் பையன் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி
பின்னோக்கியே நடந்தான்; ஒரு படிகூடத் தடுக்கவில்லை.
"இங்கே பறவைகளை..." என்று மாரிட் ஆரம்பித்தாள்.
அடுத்த சொல்லை அவள் தேடி எடுப்பதற்குள்
உணவுக்கூடத்தின் பதினான்கு வகை ஐஸ்கிரீமுக்கு
வந்து சேர்ந்திருந்தோம்.
காரின் பின் கண்ணாடிக்கு ஒரு ஸ்டிக்கர் வாங்கினேன்.
ஒட்டவில்லை. ஆனால் வாங்கினேன்.

ஆல்டர் ஃபோர்க் எந்தப் பட்டியலிலும் இல்லை.
அது கிடைத்தது ஒரு குருவியின் காலில்.
அருங்காட்சியகத்தின் இழுப்பறை ஒன்றில்
மஞ்சள் தொண்டை, மூடிய நகங்கள், காலில் நூல்,
நூலில் அட்டை: ஊர், தேதி, கண்டெடுத்தவர் பேர்.
அதற்கும் கீழே, எறும்பு எழுத்தில்,
"இரண்டாம் ஆண்டு, ஆல்டர் ஃபோர்க் கல்லூரி, அயோவா."
"இரண்டாம் ஆண்டா!" என்றாள் மாரிட்.
உடனே சொன்னாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மக்காச்சோளம், மக்காச்சோளம், மக்காச்சோளம்,
ஒரு தண்ணீர்த் தொட்டி, கல்லூரி.
நூலகத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு வாளி.
கூடைப்பந்தில் தொடர்ந்து பத்தொன்பது தோல்வி.
கார் நிறுத்தும் இடத்தில்
வான்கோழிகள் எங்களுக்கு வழி விடவில்லை.
சுற்றிக் காட்ட வந்தவன் டெவெரோ,
எங்கள் இருவருக்கென்று ஒருவன்.
எங்கள் பக்கத்திலேயே, முன்னோக்கி நடந்தான்.
கொதிகலன் அறைக் கதவருகே
மாரிட் ஒரு கேள்வியைத் தொடங்கி நின்றாள்.
அவனும் நின்றான், குளிர்காற்றில்,
கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு.
அவள் வாக்கியத்தை முடித்துவைக்க
நான் வாயைத் திறந்தேன்; பதினேழு வருடப் பழக்கம்.
அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.
வாக்கியம் வந்தது. முழுதாக வந்தது.

பிறகு இருவரும் நிலவறைக்குள் இறங்கி
ஒரு மணி நேரம் காணாமல் போனார்கள்.
நான் வான்கோழிகளோடு நின்றேன்.

உதவித்தொகைக் கடிதம் வந்திருக்கிறது.
கூட்டிக் கழித்துப் பார்த்தால் டிரக்கை விற்க வேண்டாம்.
அங்கே படித்தால் வேலை கிடைக்குமா, தெரியாது.
அக்காள் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

இன்று காலை பட்டாணி எடுக்கப் போனேன்.
பட்டியலின் அடியில், ஐம்பதுக்குக் கீழே,
ரொட்டிப் பையின் துண்டுத்தாள் ஒன்று:
ஊர், ஆல்டர் ஃபோர்க். நிலை, உயிருடன்.
கண்டெடுத்தவர், மாரிட் எங்கெபிரெட்சன்.
கூட இருந்தவர், அப்பா.
தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

ஒன்பதாவது இடத்தின் ஸ்டிக்கர்
சமையலறை ஜன்னலில் ஒட்டியிருக்கிறது,
அங்கே கண்ணாடி இருப்பது குருவிகளுக்குத் தெரியட்டும் என்று.
"ஒன்று போதாதுப்பா," என்கிறாள்,
"இன்னும் நாற்பதாவது வேண்டும்."