கே, எச், ஏழு

பண்ணைப் பாலத்தில் ஏறியதும்
வாடை பக்கவாட்டில் வந்து
மோட்டார் சைக்கிளைக் கடலுக்குள் தள்ளப் பார்த்தது.
பின்னால் மெற்றில்டா.
மடியில் கமராப் பை, பைக்கு மேல் பொலித்தீன்,
பொலித்தீனுக்கு மேல் தன் மழைக்கோட்டு.
"நாங்கள் நனையலாம்.
லென்சுக்கு இன்னும் ஏழு மாசத் தவணை கிடக்கு."

மழை விட்டு இரண்டாம் நாள்.
மண்டைதீவுக் கரையில்
கடல் எது வெள்ளம் எது என்று நாரைக்கே சந்தேகம்.
ஒரு காலை ஊன்றி
மற்றதை வைப்பதா என்று யோசித்தபடி நின்றது.

சிறகுவலைக் கம்புகள் தண்ணீருக்குள் நடந்துபோய்
நடுக்களப்பில் வளைந்து நின்றன.
கம்புக்கு ஒன்றாய் ஆலா.
ஒன்றில் மட்டும் நீர்க்காகம்,
ஈரச் சட்டையை உதறிப் பிடித்த மாதிரி
இறகை விரித்துக்கொண்டு.

மெற்றில்டா கொப்பியை விரித்தாள்.
பூநாரை பதினொன்று.
நெடுங்கால் உள்ளான் நாற்பது, இல்லை, நாற்பத்துமூன்று.
தூரத்தில் கறுப்பாய் மிதந்ததை
ஊசிவால் தாரா என்றேன்.
"போத்தல்" என்றாள். போத்தல்தான்.

அப்பால் கருவால் மூக்கன் கூட்டம்,
தலை நிமிராமல் சேற்றைத் தைத்துக்கொண்டு.
அதில் ஒன்றின் காலில்
தோடம்பழ நிறத்தில் ஒரு துண்டு.
யாரோ எங்கோ கையில் பிடித்து
காலில் எழுதி, விட்டிருக்கிறார்கள்.

எழுத்து வேண்டும்.

வயிற்றால் ஊர்ந்தோம்.
மண்ணிறச் சட்டை, மண்ணிறத் தொப்பி,
முழங்கையை மட்டி கீறியது.
எழுந்து போய் அப்பால் இருந்தது கூட்டம்.
ஊர்ந்தோம். எழுந்தது.
மூன்றாம் தரமும்.
முந்நூறு படம், எல்லாவற்றிலும் வால்.
ஒன்றில் மிகத் துல்லியமாய்ச் சேறு.

அப்போதுதான் ஜெறோம்தாசன் வந்தார்.
மடித்துக் கட்டிய சாரம்,
விடிந்தும் அணைக்காத நெற்றி லைற்,
தோளில் பறி.
அங்கே இல்லாத யாரையோ
உரத்த குரலில் திட்டிக்கொண்டு
கூட்டத்தின் நடுவாலேயே நடந்தார்.
ஒன்றும் பறக்கவில்லை.
சந்தைக்குள் மாடு வந்தால் விலகுகிற மாதிரி
விலகி, பிறகு கூடிக்கொண்டன.

சேற்றில் கிடந்த எங்களைப் பார்த்து நின்றார்.
"என்ன பிள்ளையள், ஏதும் துலைஞ்சு போச்சோ?"

கமராவை மெற்றில்டாவிடம் கொடுத்தேன்.
தொப்பியையும்.
பறியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு
அவர் பின்னால் போனேன்.
பங்குக் காசு தராத மச்சானை
அவர் விட்ட இடத்திலிருந்து திட்டினார்.
நான் "ஓம், ஓம்" என்றேன்.
முழங்கால் அளவு தண்ணீர், குளிர்,
பறிக்குள் எறால் துள்ளி முதுகில் தட்டியது.

பதினைந்து அடி.
மூக்கன் நிமிர்ந்தது. அலகு நுனியில் சேறு சொட்டியது.
பறியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது,
திரும்பவும் தின்னத் தொடங்கியது.
காலில் கறுப்பெழுத்து:
கே. எச். ஏழு.

கடைக்கு அனுப்பிய பிள்ளை மாதிரி
வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.
"எறால் எடுக்கிறியளோ?" என்றார்.
"கே எச் ஏழு" என்றேன்.

"படம்?" மெற்றில்டா கேட்டாள்.
"இல்லை."
பேனையை மூடி வைத்துவிட்டு
பென்சிலால் எழுதினாள்.

திரும்பும்போது பாலத்தில் சொன்னாள்:
"வெளிநாட்டு ஆக்கள் வந்து போற மாதிரி எண்டு
கிண்டு எழுதிப் போடாதை.
அது சாப்பிட வந்தது."

ஒரு கிலோ எறால்
பொலித்தீன் பைக்குள்.
கமரா, என் சட்டைக்குள்.
வாடை இப்போது
மற்றப் பக்கத்தால் தள்ளியது.