கூண்டு எண் நான்கு

ஜெனீவா. இரவு பதினொன்றே முக்கால்.
மொழிபெயர்ப்பாளருக்கான கண்ணாடிக் கூண்டில்
நானும் ஹெர்மினாவும்.
காதொலிப்பானைக் கழற்றாமலே அவள் தூங்கிவிட்டாள்.

மூன்று நாளாய் ஒரே சொல்லின்மேல் சண்டை:
பகிர்தல்.
அதைச் சதுர அடைப்புக்குள் போட்டுவைத்திருக்கிறார்கள்,
சீக்குக் கோழியைத் தனியே கவிழ்த்து மூடியதுபோல.

கம்போடியாவின் சோகுந்தியா பேசுகிறார்.
அவர் பிரெஞ்சில் சொல்லும் நான்
என் ஸ்பானிஷிலும் நான்தான், தொழில் அப்படி.
"பிரே வெங்கில் பதினோரு வயதுப் பையன்,
செத்த வாத்தைக் குழம்புக்கு உரித்தவன்.
அவன் தொண்டைச் சளியை
மறுநாளே நான் விமானம் ஏற்றினேன்.
அதிலிருந்து தடுப்பூசி வந்தால்
வரிசையில் எங்களுக்கு எத்தனையாவது இடம்?"
சொல்லி முடித்தேன்.
பஞ்சுக்குச்சி பட்டதுபோல
என் தொண்டை கரகரத்தது.

பதில் சொல்ல
வடக்கத்திய தோர்கில்ஸ் விரல் உயர்த்தினார்.
மணி பன்னிரண்டு.
எங்கள் நேரம் அவ்வளவுதான்.
ஒலிவாங்கிகள் அணைந்தன.

பையைத் தோளில் மாட்டியும் நான் போகவில்லை.
கண்ணாடிக்கு அப்பால், சத்தமில்லாமல்,
தோர்கில்ஸ் எழுந்து அவரிடம் நடக்கிறார்.
காபி சிந்திய தாளில் வரைகிறார்:
ஒரு கோடு, அதன்மேல் புள்ளிகள்.
சோகுந்தியா பேனாவைப் பிடுங்கி
கடைசிப் புள்ளியை அடித்துவிட்டு
முன்னால், மிக முன்னால் வைக்கிறார்.
தோர்கில்ஸ் தலையைச் சொறிகிறார்.
பாதி தூரம் பின்னால் இழுக்கிறார்.
மீன்கடைப் பேரம்.
இதற்கு நான் தேவையில்லை.

ஹெர்மினா கண்விழித்தாள்.
அடைப்பு நீங்கியதா என்று கேட்பாள் என நினைத்தேன்.

"அந்தப் பையன்
பிழைத்தானா?" என்றாள்.